லைன் கணினிக்கு ஓஎஸ் போடுவது

வீட்டுக் கணினிக்கு ஓஎஸ் போடுவது இன்று பெரிய வேலையில்லை. பென்டிரைவைச் செருகி நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் அரை மணியில் முடிந்துவிடும். டிரைவர்கள் பெரும்பாலும் தாமாகவே ஏறிக்கொள்ளும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உற்பத்தி லைனோடு பிணைந்த கணினிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போதாமல் போகலாம். இங்கேயும் விண்டோஸ் அதே அரை மணியில்தான் ஏறுகிறது. கஷ்டமெல்லாம் அதைச் சுற்றி இருப்பதில். சோதனை மேடையின் பிசிஐ கார்டுக்கு விண்டோஸ் எக்ஸ்பி டிரைவர் மட்டுமே இருக்கும். போல்ட் முறுக்கும் டார்க் கருவி சீரியல் போர்ட்டில் பேசும்; யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் காம்1 காம்5 ஆகிவிடும், பழைய மென்பொருளோ காம்1ஐத்தான் தேடும். பயாஸ் பேட்டரி தீர்ந்தாலே போதும்: டிஸ்க் அமைப்பு ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாறி எக்ஸ்பி நீலத்திரையில் நின்றுவிடும். காரணம் புரியாதவர் ஓஎஸ் போய்விட்டதென்று டிஸ்க்கை ஃபார்மட் செய்வார். பயாஸில் ஒரு வரி மாற்றினால் ஓடியிருக்கக்கூடிய கணினி அதோடு போயிற்று. ஆகவே ஓஎஸ் போடும் திறமையில் பெரும்பங்கு குறிப்பெடுத்து வைப்பதுதான் என்பேன்.

ஓடுகிற மெஷினைத் தொடாதே என்பார்கள் உற்பத்திப் பிரிவினர். லைன் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், ஒரகடம் ரெனோ–நிசான் ஆலையையும் பாதித்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் வெளியிட்டிருந்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், அதற்கான பேட்ச் எல்லோருக்கும் கிடைத்தது தாக்குதலுக்குப் பிறகுதான். தொடாமல் விட்ட கணினியையும் வெளியிலிருந்து ஒருவர் தொட்டுவிடுகிறார். நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டால் போதாதா? ஓரளவு போதும். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் சோதனை முடிவும் சர்வருக்குப் போயாக வேண்டிய லைனில் முழுதாகப் பிரிக்க முடியாது. பிரித்த இடத்திலும் பென்டிரைவ் வந்துபோகும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற புழு நிரல் அந்த வழியாகவும் பரவியது.

விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் ஓஎஸ் மாற்றும் வேலை மறுபடி வந்து நிற்கிறது. தொடுவதற்கு முன் டிஸ்க்கை இமேஜ் எடுக்க வேண்டும். அந்த இமேஜை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, மெஷினில் மாட்டி, ஒரு பாகத்தையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. போர்ட் எண், ஐபி, பயாஸ் அமைப்பு எல்லாம் பேனல் கதவின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கட்டும். புது மெஷின் வாங்கும்போது இன்ஸ்டால் மீடியா, டிரைவர், லைசென்ஸ் மூன்றையும் ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள். பணம் முழுதும் கொடுத்த பிறகு அவற்றை வாங்குவது கடினம்.