மெஷின் எப்போது நிற்கிறது?

புல் வெட்டும் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "நின்னு நின்னு போவுது அங்கிள்." இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எப்போது நிற்கிறது? கயிற்றை இழுத்த கையோடா, விசையை அழுத்தும்போதா, சரிவில் சாய்க்கும்போதா, ஓடிச் சூடேறிய பிறகா? கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். என் அண்ணன் மகன் அதைக் கேட்பதே இல்லை. கைப்பேசியில் ஒரு கர்ப்ரேட்டரை வரவழைத்து மாட்டிவிடுகிறான். மெஷின் ஓடுகிறது, வந்தவர் சந்தோஷமாகப் போகிறார். அடுத்த வாரம் அதே மெஷின், அதே புகார்.

பிறையில் இருக்கும் கடையை இந்தத் தைப்பூசத்தோடு அவனிடம் விட்டுவிட்டேன். ஜாலான் பாருவில் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "புல்லு மெஷின் ரிப்பேரெல்லாம் இனி எத்தனை நாளைக்கு? பேட்டரி வந்திருச்சே" என்றார். வரட்டும். வீட்டு வாசலுக்கு அது போதும். ஆள் உயர லாலான் நிற்கிற மேட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்டுகிறவன் எத்தனை பேட்டரியைச் சுமப்பான்? ஒரு காலத்தில் தோட்டங்களில் நம் பெண்கள் முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தே புல்லைச் சாகடித்தார்கள். பாராகுவாட் மருந்தை மலேசிய அரசாங்கம் 2020 ஜனவரியில் தடை செய்துவிட்டது. புல்லுக்கு யாரும் தடை போடவில்லை.

எனக்குத் தொழில் காட்டியவர் பட்டர்வொர்த்தில் ஒரு சீனக் கிழவர். ஆப்பெக் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். மீனவர்களின் படகு இஞ்சின்தான் அவருக்கு முதல் வேலை. அதுவும் டூ ஸ்ட்ரோக்தானே, மண்ணுக்கு வந்தாலும் தண்ணீருக்குப் போனாலும் சுபாவம் ஒன்று. யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் ஸ்பேனரைத் தொடமாட்டார். "மாத்தி பீலா?" என்பார். எப்போது செத்தது? பதில் வரும்வரை கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

சில பதில்களுக்கு வேலையே இல்லை. கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது, பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கிறது, பிறகு ஓடுகிறது என்றால் மூடியில் காற்றுவழி அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் முடிந்தது. விசையை அழுத்தினால் மூச்சு முட்டுகிறது, அதிகமாகப் புகைகிறது என்றால் சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டு. மாதக்கணக்கில் பெட்ரோலோடு மூலையில் கிடந்ததா, கர்ப்ரேட்டரில் கோந்து பிடித்திருக்கும். சவ்வும் விறைத்திருக்கும். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது சூடேறிய பிறகு சாகிற மெஷின். காலையில் ஒரே இழுப்பில் பிடிக்கும். கால் மணி நேரம் கழித்து நிற்கும். ஆற விட்டால் மறுபடி ஓடும். உடனே எல்லோரும் காயில் என்பார்கள், காயிலை மாற்றிக் காசும் வாங்குவார்கள். காயில் சூட்டில் செத்தால் சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். அந்தச் சூட்டிலேயே பிளக்கைக் கழற்றி இழுத்துப் பார்த்தால் பொறி இருக்காது. நான் சொல்கிற மெஷின் அப்படி நிற்பதில்லை. நிற்பதற்கு முன்னால் சத்தம் தானாக ஏறும். விசையை விட்டாலும் இறங்காது. ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அணையும். அந்த நேரத்தில் சோக்கை மூடினால் கொஞ்சம் உயிர் வரும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த மெஷின் அது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் செய்த டூ ஸ்ட்ரோக் ஏற்பாட்டில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையே பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அதை மேலே தள்ளும். கிராங்க் தண்டு அந்த அறையை விட்டு வெளியே வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. அது தேய்ந்தால் கலவையோடு வெறுங்காற்றும் உள்ளே போகும்.

சைலன்சர் வழியையும் கர்ப்ரேட்டர் வழியையும் அடைத்துக் காற்றடித்து, சீலில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்கிற சோதனை. குமிழி வராது. சீல் நல்லது என்று முடிவுகட்டி, மறுபடி கர்ப்ரேட்டரிடம் போவார்கள். ஆப்பெக் அதோடு விடமாட்டார். சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் சைலன்சர் வழியை அடைத்து, கர்ப்ரேட்டர் இருந்த இடத்தில் குழாய் வைத்த தகட்டை முடுக்கி, வாயால் உறிஞ்சி, குழாய் நுனியில் நாக்கை வைப்பார். அதுவும் மெஷின் சூடாக இருக்கும்போதே. நாக்கு ஒட்டிக்கொண்டே நின்றால் சீல் நல்லது. மெல்ல நழுவினால் போச்சு. சீலின் உதடு உள்பக்கம் பார்த்தது. காற்றடித்தால் அது தண்டோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சினால்தான் விட்டுக்கொடுக்கும். பல சமயம் ஓட்டை காட்டுவது உறிஞ்சும்போது மட்டும். இதை எனக்கு அவர் விளக்கிச் சொல்லவில்லை. குழாயை என் வாயில் வைத்தார். பெட்ரோல் ருசி அன்று சோற்றிலும் இருந்தது.

இப்போது அதற்குக் கையால் இழுக்கும் பம்ப், முள் வைத்த அளவியோடு கிடைக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

சீல் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்றும் சொல்ல வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று கேட்கிற மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூடி எண்ணெய். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி. மெஷினிலேயே எழுதியிருக்கிறது. அளந்து ஊற்றுகிறவர் யார்? குத்தகைக்காரர் ஆளுக்கு இத்தனை மைதானம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறார், பையன்கள் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். குறைந்தால் சீல் காய்ந்து தேயும். சத்தம் போதவில்லை என்று கர்ப்ரேட்டரின் எச் ஸ்குருவை இறுக்கிவிடுகிறார்கள். காது குளிர்ந்தால் சரி. பிஸ்டனில் கோடு விழுந்த பிறகு, "ஜப்பான் சாமான்னு சொன்னீங்களே அங்கிள்" என்று என்னிடமே வந்து நிற்கிறார்கள். ஜப்பான்காரன் எண்ணெய் கலக்க ஆளும் அனுப்புவானா?

போன மாதம் அப்படி ஒரு மெஷின் வந்தது. ஏற்கெனவே கர்ப்ரேட்டர் மாற்றி, காயில் மாற்றி, பிளக்கும் புதிது. காந்தச் சக்கரப் பக்கத்துச் சீல்தான் போயிருந்தது. சாமான் கடையில் கேட்டால் சீலைத் தனியாக விற்பதில்லையாம், கிராங்க் அறையோடு முழு செட்டாகத்தான் தருவார்களாம். அந்த விலைக்கு மெஷினையே தூக்கிப் போட்டுவிடலாம். சீலுக்கு மெஷின் பெயர் எதற்கு? உள் அளவு, வெளி அளவு, கனம், மூன்றும் இருந்தால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். காலிபரை வைத்து அளந்து துண்டுச் சீட்டில் எழுதி நானே போய் வாங்கி வந்தேன். அண்ணன் மகன் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஆப்புல கிடைக்குது சித்தப்பா?" என்றான்.