பெயர் தந்த பதக்கம்

பெர்லினில் மலைகள் குறைவு. 66 மீட்டர் உயரமே உள்ள க்ராய்ட்ஸ்பெர்க்குக்கும் அங்கே மரியாதை உண்டு. பெயரின் பொருள், சிலுவைக் குன்று. ஆனால் உச்சியில் இருப்பது தேவாலயம் அல்ல. ஒரு ராணுவப் பதக்கத்தின் வடிவம்.

1813இல் நெப்போலியனுக்கு எதிராகக் கிளம்பிய பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரெடரிக் வில்லியம் இரும்புச் சிலுவை விருதை ஏற்படுத்தினார். கஜானா வற்றியிருந்தது. போர்ச் செலவுக்காகப் பெண்கள் தங்க நகைகளைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை அணிந்த காலம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே விருது என்பது அன்று புதுமை. மன்னர் வரைந்து கொடுத்த படத்தைச் செப்பனிட்டவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். 1821இல் குன்றின் மேல் திறக்கப்பட்ட வார்ப்பிரும்பு நினைவுச் சின்னமும் அவர் வடிவமைத்ததே. அதன் உச்சியில் வைத்த சிலுவைதான் குன்றுக்கும், பிறகு வட்டாரத்துக்கும் பெயர் தந்தது.

முதல் உலகப் போரில் யூத வீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் பதக்கத்தைப் பெற்றார்கள். 1939இல் ஹிட்லர் அதன் நடுவே ஸ்வஸ்திகாவைப் பதித்தார். மார்பில் குத்திய பழைய பதக்கம், அந்த யூதர்களில் பலரை வதைமுகாமிலிருந்து காப்பாற்றவில்லை. ஸ்வஸ்திகா நீக்கிய பதக்கத்தை மட்டுமே அணியலாம் என்றது 1957இல் வந்த மேற்கு ஜெர்மனிச் சட்டம்.

குன்றைச் சுற்றியுள்ள பகுதி இன்று துருக்கியக் குடும்பங்களுக்குப் பேர்போனது. பதக்கத்தின் பெயரைத்தான் அவர்களும் முகவரியாக எழுதுகிறார்கள்.