மணல் எங்கே, அம்மா?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று என்றால் வீட்டுக்கு வீடு ஒரு மகாநாடு கூடுமே, உங்கள் வீட்டிலும் உண்டா? ஊட்டியா, கொடைக்கானலா, இல்லை பேசாமல் தாத்தா ஊருக்கே போய்விடலாமா என்று மூன்று நாள் விவாதம் நடக்கும். கடைசியில் எங்கும் போகாமலே லீவு தீர்ந்துவிடும். எங்கள் வீட்டு மகாநாட்டில் இந்தத் தடவை எட்டு வயதுப் பெண் எழுந்து நின்று, "பாலைவனம் பார்க்கணும்" என்று தீர்மானம் கொண்டுவந்தாள்.

"நன்னாயிருக்கு! எல்லாரும் தண்ணி இருக்கிற இடமாத் தேடிப் போவா. இவளுக்குத் தண்ணியே இல்லாத இடம் வேணுமாம்!" என்றாள் பாட்டி.

ஆனாலும் ஓட்டெடுப்பில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பாட்டியும் புளிக்காய்ச்சல் பாட்டிலுடன் கிளம்பிவிட்டாள்.

சென்னையிலிருந்து ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜெய்சால்மருக்கு நாங்கள் போன வழியில் இரண்டு ரயில், மூன்று இரவு. டில்லியில் வண்டி மாறினோம். கடைசி நாள் காலையில் போக்ரான் தாண்டியதிலிருந்து குழந்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளியே கல்லாந்தரை, அதில் முட்செடிகள், எங்கோ தூரத்தில் ஓர் ஆட்டு மந்தை. அவள் முகம் வரவர வாடிக்கொண்டே வந்தது.

"மணல் எங்கே, அம்மா?"

நியாயமான கேள்விதான். பாலைவனம் என்றால் அலை அலையாய் மணல் மேடுகள், நடுவே ஓர் ஒட்டகம் என்று படம் போட்டுக் காட்டி நாம்தானே குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? தார் பாலைவனத்தில் மணல் மேடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஜெய்சால்மர் நகரைச் சுற்றியுள்ள பூமி பெரும்பாலும் கல்லும் சரளையுமாகத்தான் இருக்கிறது. மணலில் உருளுவதற்கு மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி, ஸம் என்ற இடத்துக்குப் போக வேண்டும்.

பாலைவனம் ஆவதற்கு மணல் அவசியமில்லை. மழை இல்லாமல் இருந்தால் போதும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சால்மரில் 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் எல்லா வருஷமும் நிச்சயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 1156-ஆம் வருஷம் ராவல் ஜைசால் என்ற ராஜபுத்திர அரசர் ஒரு கோட்டையைக் கட்டி, ஊரையும் உண்டாக்கினார். அந்த ஊர் இன்றுவரை இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த சமாசாரம்.

முதலில் கோட்டையைப் பார்த்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து வரும்போதே ஒரு குன்றின் மேல் தெரிகிறது. மஞ்சள் கல்லினால் கட்டியது. சாயங்கால வெயில் பட்டதும், புடம் போட்ட தங்கம் என்பார்களே, அந்த நிறம் வந்துவிடுகிறது. வங்காளத்து டைரக்டர் சத்யஜித் ரே இதைப் பார்த்துத்தான் 'ஸோனார் கெல்லா' என்று கதை எழுதி, 1974-இல் சினிமாவாகவும் எடுத்தார். பூர்வ ஜன்ம ஞாபகம் வந்த ஒரு சிறு பையன் தங்கக் கோட்டையைத் தேடி வரும் கதை. இன்றைக்கும் அந்தப் படத்தின் ஞாபகத்தோடு வங்காளிக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் வருகின்றன.

நம் ஊர்க் கோட்டைகளுக்குப் போனால் வௌவாலைத்தான் பார்க்கலாம். இங்கே அப்படியில்லை. உள்ளே ஆயிரக்கணக்கான ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சந்து பொந்துகளில் பசுமாடு வருகிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் பட்டாணி உரிக்கிறார்கள். மாடியில் அப்பளம் காய்கிறது. பாட்டிக்கு அந்த அப்பளத்தைக் கண்டதும் ஊர் பிடித்துப்போய்விட்டது!

திண்ணையில் இருந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். என்னுடைய அரைகுறை ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவளுடைய மாமியார் காலத்தில் கோட்டைக்குக் குழாய் கிடையாதாம். கீழே கடிஸர் ஏரியிலிருந்து தலையில் குடத்தின் மேல் குடமாக வைத்து, வழுக்குகிற கல் பாதையில் ஏறி வருவார்களாம். குளித்த தண்ணீரில் துணி நனையும். துணி நனைந்த தண்ணீர் மாட்டுக்கோ வாசலுக்கோ போகும். பாத்திரம் தேய்க்க மணல். தேய்த்துத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், கழுவவே வேண்டாம்.

பிறகு குழாய் வந்தது. பெண்களின் தலையிலிருந்து பாரம் இறங்கியது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் குழாயின் பின்னாலேயே ஹோட்டல்கள் வந்தன. ஹோட்டலுக்கு ஹோட்டல் குளியலறை, ஷவர் என்று வைத்தார்கள். குடக் கணக்கில் செலவான தண்ணீர் தொட்டிக் கணக்கில் ஓட ஆரம்பித்தது. கோட்டையைக் கட்டியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. மண் பூசிய கூரைகள், சாந்தில்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திய மதில், அதற்குக் கீழே களிமண் கலந்த மெதுவான குன்று. கழிவு நீர் கசிந்து கசிந்து குன்றுக்குள் இறங்கி அடிமண்ணை இளக்கிவிட்டது. 1990-களில் கட்டடங்களும் கொத்தளங்களும் இடிந்து விழுந்தன. உலகத்தில் ஆபத்திலிருக்கும் புராதனச் சின்னங்களின் பட்டியலில் 1996-இல் இதையும் ஒரு சர்வதேச ஸ்தாபனம் சேர்த்தது. யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் 2013-இல் இடம் கிடைத்தது. சாக்கடைகளைச் செப்பனிட்டார்கள். அப்படியும் 2024 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மதிலில் ஒரு பகுதி சரிந்தது.

பாருங்கள், தண்ணீருக்காக எண்ணூறு வருஷம் தவித்த கோட்டைக்குத் தண்ணீராலேயே ஆபத்து!

நாங்கள் கோட்டைக்குக் கீழே, ஊருக்குள் தங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உள்ளே தங்கினால் ஜன்னல் வழியே தெரியும் காட்சி பிரமாதமாக இருக்குமாம். இருக்கட்டுமே, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் கோட்டை தெரியும்!

மறுநாள் கடிஸர் ஏரிக்குப் போனோம். பதினாலாம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி என்பவர் திருத்தி விரிவாக்கிய ஏரி. மழை பெய்தால் சுற்றுப்புறத்துக் கல் தரையில் விழும் நீரெல்லாம் இதற்குள் வந்து சேரும்படி ஏற்பாடு. 1960-களின் நடுப்பகுதி வரைக்கும் ஊர் முழுவதற்கும் முக்கியக் குடிநீர் இதுதான். ஏரிக்குள் இறங்கும் வழியில் ஓர் அழகான தோரணவாயில் நிற்கிறது. திலோன் என்ற தாசி கட்டியது என்கிறார்கள். தாசி கட்டிய வாசலில் அரச குடும்பத்துப் பெண்கள் நுழைவதா என்று அதை இடிக்கப் பார்த்தார்களாம். அவள் ராவோடு ராவாக உச்சியில் கிருஷ்ணன் சந்நிதி ஒன்றை வைத்துவிட்டாளாம். கோயிலை இடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கதை உண்மையோ இல்லையோ, கெட்டிக்காரி! குழந்தைக்கோ வாசலும் கதையும் லட்சியமில்லை. படித்துறையில் ரொட்டித் துண்டு போட்டால் வாய் பிளந்துகொண்டு மொய்க்கும் பெரிய பெரிய கெளுத்தி மீன்களை விட்டு அவளைப் பெயர்த்துக்கொண்டு வருவது பெரும்பாடாகிவிட்டது.

இப்போது ஊருக்குக் குழாய்த் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது தெரியுமா? பஞ்சாபிலிருந்து! 1958-இல் ஆரம்பித்த ராஜஸ்தான் கால்வாய், 1984-இல் இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் மாறியது. 600 கிலோமீட்டருக்கு மேல் மணலையும் கல்லையும் குடைந்துகொண்டு வருகிறது. இதைக் கேட்டதும் பாட்டி, "நமக்கு மட்டும் என்ன? ஆந்திராவிலேர்ந்து கிருஷ்ணா தண்ணி வரலையா?" என்றாள். 2019-இல் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? லாரிக்குக் காத்திருந்த வரிசையில் எங்கள் வீட்டுக் குடங்களும் நின்றன. அப்போது இந்தப் பெண் இடுப்புக் குழந்தை. பாட்டி அந்தக் கதையைப் படித்துறையில் உட்கார்ந்து சொல்ல, அவள் ஏதோ ராஜா ராணிக் கதை கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தாள். வருஷத்தில் 1,400 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் அப்படி நடந்தது என்று ஜெய்சால்மர்க்காரர் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

ஊருக்கு மேற்கே குல்தரா என்ற கிராமத்துக்கும் போனோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விட்டுவிட்டுப் போன ஊர். கூரையில்லாத கல் வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. கொடுங்கோல் மந்திரிக்குப் பயந்து ஒரே ராத்திரியில் ஓடிப் போனார்கள், போகும்போது சாபமிட்டார்கள் என்று கதை. கிணறுகள் வற்றியதும் வரிச் சுமையும் காரணமாக இருக்கலாம் என்கிறவர்களும் உண்டு. பேய் நடமாட்டம் என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறார்கள்; அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாலிவால்கள் விட்டுச் சென்ற உருப்படியான விஷயம் வேறு இருக்கிறது. அதன் பெயர் 'கடீன்'.

கல் மேட்டிலிருந்து மழை நீர் வழிந்து வரும் பள்ளத்தில் குறுக்கே நீளமாக ஒரு மண் கரை போடுவார்கள். ஒன்றிரண்டு மழையில் அங்கே நீர் தேங்கி, மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கிவிடும். நீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அதற்கப்புறம் பாய்ச்சல் கிடையாது! பல நூற்றாண்டுப் பழைய உபாயம், இன்றும் நடக்கிறது. கரை மேல் ஏறிப் பார்த்தோம். இந்தப் பக்கம் கல். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று கடலைச் செடி. "இது பாலைவனமே இல்லை!" என்று குழந்தை ஏமாற்றுக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவள் போல் கத்தினாள். அருகில் நின்ற குடியானவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்துக்கொண்டே ஒரு பிடி பச்சைக் கடலை பறித்துக் கொடுத்தார்.

ஸம் மணல் மேடுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கேட்ட மணல் கிடைத்தது. ஒட்டகம் பின்னங்காலை முதலில் நீட்டி எழுந்திருக்கும். ஆகவே முன்பக்கம் விழாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. ஆனால் தாகத்தோடு வந்தால் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். இதையெல்லாம் குழந்தையே எனக்குப் பாடம் நடத்தினாள். பாட்டி ஒட்டக வண்டியோடு நிறுத்திக்கொண்டாள். அஸ்தமனம் அழகுதான். ஜீப் சத்தமும், மணலில் புதைந்து கிடந்த காலி பாட்டில்களும் இல்லாமலிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் பாட்டி திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலையோரத்தில் ஒற்றை மரம். இறங்கி இலையைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது வன்னியடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வன்னியேதான். சில சிவன் கோயில்களில் ஸ்தல விருட்சமாக நாம் பிரதட்சிணம் செய்யும் அதே மரம். இங்கே கேஜ்ரி என்கிறார்கள். 1983-இல் ராஜஸ்தானத்தின் மாநில மரமாக அறிவித்தார்கள். ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் 1730-இல் அரண்மனை ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாள். அவளைப் பின்பற்றி மொத்தம் 363 பிஷ்னோயிகள் உயிர் கொடுத்தார்கள்.

கொடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். நிழல் அது, ஆட்டுக்குத் தழை அது, பஞ்சத்தில் சாப்பாடும் அதுதான். அதன் பிஞ்சுக் காயை உலர்த்தினால் 'ஸாங்க்ரி'. 'கேர்' என்ற சிறு காயோடு சேர்த்து எண்ணெயிலும் மசாலாவிலும் வதக்கி, கம்பு ரொட்டியுடன் பரிமாறுகிறார்கள். கேர் காயின் கசப்புப் போக மோரில் ஊற வைப்பார்களாம். சுண்டைக்காய் வற்றல் போடுகிற நமக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

நீங்கள் போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிசம்பர் ராத்திரி பல் கிட்டிப் போகும். உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் அவசியம். பிஸ்கட் பொட்டலத்தை விட நம் பொரிவிளங்காய் உருண்டை ஒட்டகத்தின் மேல் உடையாமல் வருகிறது.

கடைவீதியில் பாட்டி கால் கிலோ ஸாங்க்ரி வாங்கி வந்தாள். சென்னை வந்து சேர்ந்த மறுநாளே ராத்திரி முழுக்க ஊற வைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, வற்றல் குழம்பில் போட்டுவிட்டாள். முருங்கைக்காய்க்கும் கொத்தவரங்காய்க்கும் நடுவே ஒரு ருசி. குழந்தை இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டு, "பாட்டி, கோயில் மரத்துக் காயைச் சாப்பிடலாமோ?" என்றாள்.

"அந்த ஊரிலே அதுதான் பிரசாதம். பேசாமச் சாப்பிடு" என்றாள் பாட்டி.