துப்பாக்கி எல்லை தாண்டும், பாதுகாப்பு தாண்டாது

சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு எங்களிடம் வரும் பிள்ளைகள் வக்கீல், தங்குமிடம், பதிவு அலுவலகம் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, கிளம்புகிற நேரத்தில் ஒன்று கேட்பார்கள். அநேகமாகப் பையன்தான் கேட்பான். "தோழர், லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வெச்சுக்க முடியுமுங்களா?" சமீபத்தில் கேட்டவனுக்கு 22 வயது, அவன் இணையருக்கு 19. கோவையை விட்டுப் பாலக்காடா, பெங்களூரா என்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பேக்கரியில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாக எங்களுக்கு அது படவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எங்கள் பதிலை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் சட்டம். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பையன் கேட்கலாம். 19 வயதுப் பெண்ணால் கேட்கவே முடியாது. 18 வயதில் அவளைத் திருமணம் செய்ய அனுமதிக்கிற சட்டம், துப்பாக்கிக்கு 21 வரை காத்திரு என்கிறது. அந்த மூன்று வருடம்தான் அவள் வீட்டார் தேடி அலைகிற காலம்.

உரிமம் கிடைத்தாலும் அது எங்கே செல்லும் என்று பார்க்க வேண்டும். உரிமத்தில் அதன் எல்லை எழுதப்பட்டிருக்கும். நாடு முழுவதும் செல்ல வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டினால், தமிழ்நாட்டுக்கு மட்டும் வாங்கிய உரிமம் வெறும் தாள்தான். வேறு ஊருக்குக் குடிபோனால் 30 நாளுக்குள் பழைய இடத்து அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. "வடக்கே இருந்து கட்டா கொண்டுவந்து தர்றேன்" என்று எவனாவது சொன்னால் அவன் பக்கமே போக வேண்டாம். உங்களைத் தேடுகிறவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி வேறு கிடையாது. ஒரு போன் போட்டால் போதும், நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

இனி, யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று பார்ப்போம். உரிமம் கேட்பவரிடம் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி கேட்க முதலில் பயிர் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும். காரமடை, தொண்டாமுத்தூர், சத்தியமங்கலம் பக்கம் காட்டை ஒட்டிய தோட்டங்களில் பன்றிக்கும் யானைக்கும் என்று உரிமம் கேட்கிறவர் தோட்டக்காரர். அதே தோட்டத்தில் ராத்திரி காவலுக்குப் படுக்கிற அருந்ததியர் கையில் டார்ச்சும் தகர டப்பாவும்தான்.

கொங்கிலிருந்து மைசூர் வழியாகப் போனால் வருகிற குடகு மாவட்டத்தில் இது இன்னும் வெளிப்படை. கொடவ சமூகத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அங்கே உரிமமே தேவையில்லை. ஆங்கிலேயர் காலத்து விலக்கு அது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் சரி என்றது. பிறப்பும் நிலமும் இருந்தால் துப்பாக்கி தானாக வந்துவிடுகிறது. அதே குடகில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற நிலமற்றவர் மனுவோடு போய் நிற்க வேண்டும்.

இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்பதற்கு, பெருவாரியான மக்களுக்கு ஆயுதம் ஏந்தும் உரிமையை வருண முறை மறுத்ததை ஒரு காரணமாக 1936லேயே எழுதினார் அண்ணல் அம்பேத்கர். பீகாரில் அதற்கு விலை கொடுத்தோம். 1997 டிசம்பர் 1 அன்று லக்ஷ்மண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது 58 பேரை. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்த அத்தனை பேரையும் விடுதலை செய்தது. அந்தப் பீகாரிலிருந்து ரயிலேறித் திருப்பூருக்கு வரும் தலித் இளைஞனைத்தான் இங்கே பலர் "இடுப்புல துப்பாக்கி வெச்சிருப்பான்" என்று சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் மட்டும் என்ன? துப்பாக்கி அங்கே அரசமைப்பு தந்த உரிமை. 1967இல் கறுஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் நடந்து போலீஸைக் கண்காணித்தபோது, கலிபோர்னியா மாநிலம் அவசரமாக மல்ஃபோர்டு சட்டம் கொண்டுவந்து பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடப்பதைத் தடை செய்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரை எடுத்தது அந்தச் சிறுத்தைகளிடமிருந்துதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் துப்பாக்கியின் சட்டம் எல்லா நாட்டிலும் மாறத்தான் செய்கிறது.

நம் கையில் ஒரு விதி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் 3ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கலாம் என்று நம்பக் காரணமுள்ள பகுதியில், தேவையென்று கருதினால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுக்கும் அது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்று கருதினால் நம் மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தரலாம். இவ்வளவும் அந்த ஒரே விதியில் இருக்கிறது.

விழிப்பு கண்காணிப்புக் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போயிருக்கிறோம். நிவாரணத் தொகை பேசுவார்கள், எத்தனை வழக்கு நிலுவை என்று கணக்கு வாசிப்பார்கள். 3ஆவது விதியை நாங்கள் எடுத்துச் சொன்னபோது ஒரு மாவட்டத்தில் ஓர் அதிகாரி கேட்டார்: "அதெல்லாம் நடக்கிற காரியமா?" நடக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடக்கிறது. தேதி அறிவித்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது, சில நாளில் வரிசையாக வந்து சேர்ந்துவிடுகிறது. வாக்குப்பெட்டியைக் காக்க முடிகிற அரசுக்குச் சேரியைக் காக்க ஏன் கை வரவில்லை?

அந்தப் பையனுக்கு நாங்கள் சொன்ன பதிலுக்கு வருகிறோம். வேண்டாம் தம்பி என்றுதான் சொன்னோம். கொங்கில் நம் பிள்ளைகளைக் கொன்றது துப்பாக்கி இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக் கொண்டுபோனார்கள்; உடல் தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கடைக்கு வந்து திரும்பிய சங்கரை வெட்டினார்கள். பின்னால் பைக்கில் வந்து இறங்கி அரிவாளை ஓங்குகிறவன் முன்னால், பையில் கிடக்கிற துப்பாக்கியால் என்ன செய்ய முடியும்? அது இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த முறை அவர்களும் துப்பாக்கியோடு வருவார்கள். வாங்க அவர்களிடம் பணம் இருக்கிறது, மறைக்க ஆள் இருக்கிறது.

ஆனால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் எழுந்து போய்விட முடியாது. ஏனென்றால் அந்தப் பையன் உண்மையில் கேட்டது துப்பாக்கியை இல்லை. எல்லையைத் தாண்டின பிறகு தன்னோடு கூட வருவது எது என்றுதான் கேட்டான்.

துப்பாக்கிக்காரர் குடிபோனால் அவருடைய ஆவணம் பின்னாலேயே போகிறது. இரண்டு ஊர் அதிகாரிகளுக்கும் தகவல் இருக்கிறது. கொலை மிரட்டலுக்கு ஆளானவர் குடிபோனால் எதுவும் போவதில்லை. இங்கே போட்ட பாதுகாப்பு வாளையாரோடு நின்றுவிடுகிறது. அங்கே ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் "உங்க ஊர்ல கொடுங்க" என்கிறார்கள். நாங்கள் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் என்று வழி காட்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் வேறிடத்தில் குடியமர்த்துவதைப் பற்றியே பேசுகிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். சொந்த மாநிலத்தை விட்டு வந்த பட்டியல் சாதியினருக்கும் நாட்டின் எந்தப் பகுதியிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும் என்று 2023இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. பெங்களூருக்குப் போகிற நம் பிள்ளைக்கும், திருப்பூருக்கு வருகிற பீகார் பிள்ளைக்கும் இது ஒருசேரத் தேவைப்படுகிற தீர்ப்பு.

2025 அக்டோபரில் ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஒன்று, மிரட்டல் புகார் பதிவான அன்றே மிரட்டியவர் வீட்டிலும் நெருங்கிய உறவினர் வீட்டிலும் உள்ள துப்பாக்கி உரிமங்களை நிறுத்தி ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டும். இரண்டு, தம்பதி வேறு மாவட்டமோ மாநிலமோ போனால், இங்குள்ள எஸ்.பி. அங்குள்ள எஸ்.பி.க்கு எழுத்தில் தகவல் தந்து ஒப்புகை வாங்க வேண்டும். மூன்று, போன இடத்து முகவரி ஸ்டேஷனிலிருந்து பெண் வீட்டாருக்குக் கசிந்தால், கசியவிட்டவர் மேல் வழக்குப் பதிய வேண்டும்.

அந்தப் பையனிடம் துப்பாக்கி இல்லை. போன் நெருங்கினவர்கள் கொடுத்த இரண்டு எண்களும், வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவின் நகலும் இருக்கின்றன. போகும்போது, "அங்க போயி யாருகிட்டத் தோழர் இதைக் காட்டறது?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. அரசு சொல்ல வேண்டும்.