பார்ப்பதா, வேண்டாமா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் வாழும் எங்கள் மருமகளுக்கு ஐந்தாம் மாதம் கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தபோது, குழந்தையின் இதயத்தைப்பற்றி ஐயம் எழுந்தது. சென்னைக்குச் சென்று கருவின் இதயத்துக்கெனவே எக்கோ எடுக்கச் சொன்னார்கள். உறவினர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். "பார்த்தால் கலைக்கத்தான் சொல்வார்கள். ஆண்டவர் கொடுத்ததை ஏன் சோதிக்கவேண்டும்?" உண்மையைச் சொன்னால், எங்கள் மனமும் அப்பக்கமே சாய்ந்திருந்தது.

பங்குத்தந்தை எங்கள் தயக்கத்தை ஏற்கவில்லை. கருவின் உயிரை மதித்து, அதைக் காக்கவோ குணப்படுத்தவோ செய்யும் சோதனை முறையானதே என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987-லேயே கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார்.

சென்னையில் மருத்துவர் அம்மையார் திரையைக் காட்டி விளக்கினார். திருஇருதய ஆண்டவர் படம் இல்லாத வீடு நம்மிடையே இல்லை. ஆயினும் இதயத்திலிருந்து இரத்தம் எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். நான்கு அறைகளும் சரியாகவே இருந்தன. ஆனால் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கவேண்டிய இரு பெருங்குழாய்கள் இடம் மாறி இணையாகச் சென்றன. உயிர்வளி தாயிடமிருந்து வரும்வரை இதனால் தீங்கில்லை. பிறந்தபின், உடலிலிருந்து வரும் அசுத்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லாமல் உடலுக்கே திரும்பும். கருவிலிருந்து திறந்திருக்கும் சிறு குழாய் ஒன்று சற்றுக் கைகொடுக்கும். அதுவும் சில நாட்களில் மூடிக்கொள்ளும்.

"பிழைக்குமா, அம்மா?" என்றாள் மருமகள்.

"எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. மருந்தால் அக்குழாயை மூடாமல் வைத்து, முதல் சில வாரங்களுக்குள் அறுவை செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றன. இதயத் தசைக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களின் அமைப்பைப் பிறந்தபின்தான் உறுதியாகச் சொல்லமுடியும்." கருக்கலைப்புக்குச் சட்டம் இடமளிப்பதையும் அவர் மறைக்கவில்லை. மருமகள் வேண்டாமெனத் தலையசைத்தாள். அவர் மேலும் வற்புறுத்தவில்லை.

ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய 8 குழந்தைகளுக்கு ஏதேனும் ஓர் இதயக்குறை உண்டாம். பிறந்த சில நாட்களில் நீலம் பாய்ந்து இறந்த சிசுக்களுக்கு அவசரத் திருமுழுக்கு அளித்து நாங்களே அடக்கம் செய்திருக்கிறோம். இறைசித்தம் என்று அன்று தேற்றிக்கொண்டோம். இன்று அவ்வளவு எளிதாக அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டாம் மாதமே மலையை விட்டு இறங்கிச் சென்னையில் வாடகை வீட்டில் தங்கினோம். பேரன் பிறந்தவுடன் புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஏற்றினார்கள். எட்டாம் நாள் திருமுழுக்கு. ஒன்பதாம் நாள் அறுவை. அந்த ஏழு மணி நேரத்தில் எத்தனை செபமாலை சொன்னோம் என்று எண்ணவில்லை.

அந்த உறவினர் மலைத்தேனோடு பார்க்க வந்தார். ஒரு வயதுவரை தேன் கூடாதென்று செவிலியர் தடுத்துவிட்டதால், நாங்களே உண்டோம்.