மூலனூர்க் காடுகளுக்கு ஏற்காட்டிலிருந்து

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கம் கண்வலிக் கிழங்கு போட்டிருக்கும் அண்ணன்மாருக்கும், விடிந்ததும் பூவுக்கு மகரந்தம் வைக்கப் போகும் அக்கா, தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் சேர்வராயன் மலையில் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்துப் பிழைப்பவன். கவுட் நோயாளி. என்னை உங்களுக்குத் தெரியாது, உங்களில் ஒருவரையும் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்ன கோல்சிசின் மாத்திரைக்காக யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்றால், அது முதலில் உங்களுக்குத்தான். அந்த மருந்தை எடுக்க உலகம் முக்கியமாக நம்பியிருப்பது இரண்டு செடிகளை. ஒன்று ஐரோப்பாவின் கோல்சிகம். மற்றது நம் மாநில மலரான செங்காந்தள், அதாவது உங்கள் கண்வலி. என் கையில் இருப்பது உங்கள் விதையில் வந்ததேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் நன்றி தப்பான வீட்டுக்குப் போய்விடாது.

கவுட் வலியைப் பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, படாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவனை நடு ராத்திரியில் கால் பெருவிரல் எழுப்பிவிடும். விரலடி மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் கொதிக்கும். போர்வை நுனி உரசினாலே உயிர் போகும். எங்கள் மலையிலோ மார்கழியில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. அதனால் காபிப்பழம் பறிக்கும் கூடையைக் காலின் மேல் கவிழ்த்து, அதன் மேல் கம்பளியைப் போர்த்திவிடுவார் என் மனைவி. பறிப்பு மும்முரமாக நடக்கிற நேரத்தில் கூடை ஒன்று குறைகிறதே என்று ஆட்கள் தேடுவார்கள்.

குளிருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஓரளவுக்குத்தான் கரையும். உடம்புச் சூடான 37 டிகிரியில் அந்த எல்லை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம். சூடு குறையக் குறைய எல்லையும் இறங்கும். சீனிப் பாகு ஆறினால் ஓரத்தில் கற்கண்டு கட்டுகிற மாதிரி, உடம்பிலேயே குளிர்ந்த இடங்களில் ஒன்றான கால்விரலில் அது ஊசி ஊசியாகப் படிகிறது. அந்த ஊசிகளைப் பார்த்ததும் வெள்ளை அணுக்கள் படையெடுத்து வந்து தீ வைக்கின்றன. உங்கள் விதையிலிருந்து வரும் மருந்து அந்தப் படையின் கால்களைக் கட்டிப்போடுகிறது. அது வலி மரக்கச் செய்யும் மருந்து இல்லை, கலவரத்தையே அடக்குகிற மருந்து.

கண்வலிக் காட்டில் நடக்கும் வேலையைப் பற்றி அறிந்தபோது நான் அசந்துபோனேன். கிளுவைக் குச்சியிலும் கம்பியிலும் கொடியை ஏற்றிவிட்டால் மீதியைப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும் என்றல்லவா நினைப்போம்? அந்தப் பூ அப்படி விடுவதில்லை. தலைகீழாகத் தொங்கி, இதழ்களை மேலே மடக்கிக்கொண்டு நிற்கும். மகரந்தப் பைகள் ஒரு பக்கம் விரிந்திருக்க, சூல்தண்டு அடியிலேயே வளைந்து வேறு பக்கம் நீட்டிக்கொள்ளும். காற்றையும் தேனீயையும் மட்டும் நம்பினால் காய் சொற்பம்தான். அதனால் அன்றன்று விரிந்த பூக்களைத் தேடி, வெயில் ஏறும் முன் ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறீர்கள். நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூவும் போச்சு, கிழங்கும் அழுகும். காபிக்குப் பூ மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்து நிற்கிற எனக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஆனால் பூப்பூவாகக் கை வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் தோட்டத்தையே விற்றுவிடுவேன்.

ஒரு கிலோ விதையில் ஏழு முதல் ஒன்பது கிராம் வரை கோல்சிசின் இருப்பதாகக் கணக்கு. ஏழு என்றே வைத்தாலும், பிரித்தெடுப்பதில் ஆகும் சேதாரம் போக ஆயிரக்கணக்கான அரை மில்லிகிராம் மாத்திரைகள். எத்தனையோ பேர் காலை ஊன்றி நடக்க உங்கள் ஒரு கிலோ போதும். அந்தக் கிலோவுக்குக் கிடைக்கும் விலை மட்டும் ஒரு வருஷம் ஏறி, மறு வருஷம் விழுகிறது. விளைவிப்பவன் ஓரிடத்தில், விலை சொல்பவன் வேறிடத்தில். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்ததிலிருந்து எங்கள் கதையும் அதுதான். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1820இல்தான் பாரீஸில் பெலத்தியே, காவன்தூ என்ற இருவர் கோல்சிகத்திலிருந்து இந்தச் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள் என்பது தற்செயல், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நன்றி சொல்கிறேன் என்பதற்காக இல்லாததைச் சொல்லக் கூடாது. உங்கள் மருந்து யூரிக் அமிலத்தைக் குறைக்காது. வந்த தீயை அணைக்கும், அவ்வளவுதான். தீ வராமல் தடுக்க அலோபுரினால் போன்ற மாத்திரையைத் தினமும் போட வேண்டும். 100 மில்லிகிராமில் தொடங்கி, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றி, யூரிக் அமிலத்தை ஆறுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். அலோபுரினாலைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கும் ஒரு கும்பிடு. கூத்து என்னவென்றால், இந்த மாத்திரையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் பழைய படிவுகள் கரையும்போது வலி முன்னைவிட அடிக்கடி வரலாம். மருந்தால்தான் வலி என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த மாதங்களைத் தாண்ட வைப்பது குறைந்த அளவில் கூடவே கொடுக்கும் கோல்சிசின். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடனில் பெரிய பங்கு இதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே வைத்தியராகிவிடும். பருப்பை விடு, தக்காளியை விடு, கீரையை விடு என்பார்கள். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஈரலும் குடலும், நெத்திலியும் மத்தியும், பீரும், சர்க்கரை போட்ட குளிர்பானமும்தான் வம்பு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் காபிக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கே வந்துதான் இருக்கிறது.

முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை கோல்சிசினை மணிக்கு மணி கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, வலி தொடங்கியதும் 1.2, ஒரு மணி கழித்து 0.6 மில்லிகிராம், அதோடு நிறுத்தினாலே அதே பலன் என்று காட்டியது. இங்கே மாத்திரை அரை மில்லிகிராம் என்பதால் எனக்கு எழுதித் தந்திருப்பது முதலில் இரண்டு, பிறகு ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த அளவே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் யாரும் என் சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது.

கண்வலிக் கிழங்கும் விதையும் விஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழங்கு எத்தனை குடும்பங்களை அழித்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்களுக்கும் பெருவிரல் வீங்கலாமே! அப்போது கையெட்டும் தூரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் விதையை ‘இதுதானே மருந்து’ என்று இரண்டை வாயில் போட்டுவிடாதீர்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு சின்னது. விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் யூரிக் அமிலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அளவு இயல்பாக இருப்பதாகவே காட்டக்கூடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

விதை விற்றுக் கை ஓய்ந்த கோடையில் குடும்பத்தோடு ஏற்காடு வாருங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் யாராவது காலை மிதிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நாங்களே வறுத்து அரைத்த காபி உண்டு, சர்க்கரை கேட்டால் அளவாகப் போடுவோம். குளிர்பானம் கேட்டால் மட்டும் கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் தயவில் நடமாடும் ஏற்காட்டுக்காரன்