கடலுக்கேற்ற கலவை

ஒலியால் கடலின் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரின் அடியில் இருக்கும் வில்லை ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆக்சைடுகளை அரைத்து, அழுத்தி, சுட்டு எடுத்த பீங்கான். மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து கடலுக்குள் ஒலி அனுப்பும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். இந்த வில்லைகளைச் செய்வதே என் தொழில்.

பீங்கானின் படிகத்துக்குள் டைட்டானியமோ சிர்கோனியமோ நடுவிலிருந்து சற்று விலகி நிற்கும். அந்த விலகலே மின்முனைவு. டைட்டானியம் மிகுந்தால் முனைவு 6 திசைகளில் ஒன்றைப் பிடிக்கும். சிர்கோனியம் மிகுந்தால் 8 திசைகளில் ஒன்றை. சிர்கோனியம் 52, டைட்டானியம் 48 என்ற பங்கின் அருகே இரண்டு அமைப்புகளும் சந்திக்கின்றன. 14 திசைகளும் திறக்கின்றன. சுட்ட வில்லையைச் சூடான எண்ணெயில் வைத்து உயர் மின்னழுத்தம் கொடுக்கும்போது, முனைவுகள் அங்கேதான் எளிதில் ஒருபக்கம் திரும்பும். 1954இல் அமெரிக்காவில் ஜாஃபே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்த எல்லையின் வலிமையை வெளியிட்டார்கள்.

அதன்பிறகு சிட்டிகைக் கணக்கு. சிறிது இரும்பு சேர்த்தால் படிகத்தில் ஆக்சிஜன் இடங்கள் காலியாகி முனைவுகளைப் பூட்டிவிடும். வில்லை அதிக மின்சக்தியைத் தாங்கும், அவ்வளவாகச் சூடாகாது. நையோபியம் சேர்த்தால் ஈயத்தின் இடங்கள் காலியாகும். முனைவுகள் தளர்ந்து, மெல்லிய ஒலிக்கும் அசையும். ஆனால் மின்சக்தி வெப்பமாக வீணாகும்.

இரண்டில் எது நல்லது என்பதற்கு இலங்கையின் உச்சமுனையைச் சூழ்ந்த நீரே பதில் சொல்கிறது. ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். களப்பின் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் எதிரொலி 2 மில்லிநொடியில் திரும்பிவிடும். அதற்குள் அனுப்பிய அதிர்வு அடங்காவிட்டால் எதிரொலி அந்த அதிர்வுக்குள் மறைந்துபோகும். இரும்பு சேர்த்த வில்லை நெடுநேரம் அதிரும் இயல்புடையது. அதன் பின்புறம் அதிர்வை உறிஞ்சும் பொருளை ஒட்டியே அடக்க வேண்டும். ஆழ்கடலிலோ உரத்த ஒலி வேண்டும்; அங்கே அதே வில்லைதான் நம்பிக்கையானது. ஆழம் தெரியாமல் கலவையை எடை போடுவது எனக்கு ஒப்பாது.

சிர்கோனியம் தரும் சிர்கோன், டைட்டானியம் தரும் இல்மனைட், ரூட்டைல் மூன்றும் நம் கிழக்குக் கரையின் புல்மோட்டை மணலில் இருக்கின்றன. ஈயம்தான் என் கவலை. சுமார் 1200 பாகை செல்சியஸில் சுடும்போது அது ஆவியாகும். மூடிய பாத்திரத்துக்குள் சுட்டு, சற்றுக் கூடுதல் ஈயமும் சேர்க்கிறோம். வில்லையின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயமே. பழுதான கருவியைக் களப்பிலோ கரையிலோ வீசக்கூடாது. பொட்டாசியம், சோடியம், நையோபியம் கொண்ட ஈயமில்லாக் கலவைகள் 2004 முதல் நல்ல நம்பிக்கை தருகின்றன. மீனுள்ள நீரில் இறங்கும் பொருளுக்கு அந்த வழியே சரி. என் உழைப்பையும் அங்கேதான் திருப்பியிருக்கிறேன்.